கிராமத்து லேண்ட்லைனில் பழைய நோட்புக் கம்ப்யூட்டர்: லைன் பவர் மோடம் எதைப் பார்த்து வாங்குவது?

களக்காட்டுப்பத்து:

வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கிராமம். இங்க இருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் மழைமானி அளவையும், கூடவே தமிழ்ல அடிச்ச ஒரு பக்கக் குறிப்பையும் பைலா அனுப்பணும். கையில இருக்கிறது டாஸ்ல ஓடுற பழைய நோட்புக். 9 பின் சீரியல் போர்ட் ஒண்ணு இருக்கு. பிசி கார்டு ஸ்லாட்டும் கிடையாது, யூஎஸ்பியும் கிடையாது.

செல் சிக்னல் இங்க நிலையா நிக்காது. செம்புக்கம்பி லேண்ட்லைன் இருக்கு, கரண்ட் போன நேரத்துலயும் டயல் டோன் வருது. அதனால அடாப்டர், பேட்டரி எதுவும் இல்லாம டெலிபோன் லைன்ல இருந்தே பவர் எடுத்துக்கிடுற சின்ன மோடம் வாங்கலாம்னு இருக்கேன். பழைய சரக்கா நொடிக்கு 1200, 2400, 9600 பிட்ன்னு மூணு வேகத்துலயும் விளம்பரம் வருது.

எந்த வேகத்துல வாங்கணும்? எங்க லைன்ல அதுக்குப் போதுமான பவர் இருக்கான்னு எப்படிப் பாக்கிறது? விக்கிறவங்ககிட்ட என்ன கேட்டுக்கிடணும்? எக்ஸ்சேஞ்ச் ரோடு வழியா 4 கிலோமீட்டர்.

செப்புக்கம்பி:

அண்ணாச்சி, மோடம் தேடுறதுக்கு முன்னால லைனை அளந்துருங்க. லைன் என்ன குடுக்கோ அதுக்குத் தக்கனதான் மோடம் வாங்க முடியும்.

கணக்கு இதுதான். எக்ஸ்சேஞ்ச்ல 48 வோல்ட் பேட்டரி. அது ரெண்டு கம்பிக்கும் சேத்து சுமார் 400 ஓம் தடை வழியாத்தான் வெளிய வருது. அதுக்கப்புறம் கேபிள். 0.4 மில்லிமீட்டர் கம்பின்னா போக வர ரெண்டும் சேந்து கிலோமீட்டருக்கு 280 ஓம், 0.5 கம்பின்னா சுமார் 180 ஓம். உங்களுக்கு 4 கிலோமீட்டர், மோசமா வச்சு 0.4 கம்பின்னே எடுத்துக்கிடுவோம்: 1,120 ஓம். எக்ஸ்சேஞ்ச் 400ஐயும் கூட்டுனா 1,520. மோடம் தனக்குன்னு 7 வோல்ட் வச்சிக்கிட்டா மீதி 41 வோல்ட். 1,520ஆல வகுத்தா 27 மில்லி ஆம்பியர். உங்க லைன் நல்லா இருந்தா இதுதான் வரணும். மோடத்துக்குள்ள டயோடு பிரிட்ஜ் 1.4 வோல்ட்டைத் தின்னுரும். கடைசியா 5 வோல்ட்டுல 25 மில்லி ஆம்பியர் போலத்தான் மிஞ்சும், அதாவது 125 மில்லிவாட். இதுக்குள்ள ஓடுற மோடம்தான் உங்களுக்கு ஆகும்.

அளக்கிற விதம் சொல்லுதேன். முதல்ல ரிசீவரை வச்சபடியே ரோசட் பாக்ஸ்ல (சுவத்துல போன் ஒயர் மாட்டுற பெட்டி) ரெண்டு கம்பிக்கும் நடுவுல டிசி வோல்ட் பாருங்க. 46க்கும் 52க்கும் நடுவுல இருக்கணும். 40க்குக் கீழ காட்டுனா எங்கயோ ஈரம் ஏறி கசியுதுன்னு அர்த்தம். அடுத்து ரிசீவரை எடுத்து வச்சிட்டு அதே இடத்துல வோல்ட் பாருங்க. கடைசியா ஒரு கம்பியைக் கழட்டி, மீட்டரை 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சுல வச்சு, கம்பிக்கும் டெர்மினலுக்கும் நடுவுல கோத்து, ரிசீவர் எடுத்த நிலையில கரண்ட் பாருங்க. மூணு எண்ணையும் இங்க போடுங்க.

கம்பியில கை வைக்கிற நேரத்துல யாரும் கூப்பிடாம பாத்துக்கிடுங்க. மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி வரும், நல்லா இழுக்கும். மீட்டரை ஆம்பியர்ல வச்சது மறந்துபோயி ரெண்டு கம்பிக்கும் குறுக்கே வச்சிராதீங்க, மீட்டர் பியூஸ் போயிரும்.

30 மில்லி ஆம்பியருக்கு மேலன்னா 2400 யோசிக்காம வாங்கலாம். 20ல இருந்து 30க்குள்ளன்னா 1200 நிச்சயம் ஓடும். 2400ல குறைஞ்ச பவர் மாடலாப் பாத்து எடுக்கணும். 18க்குக் கீழன்னா லைன் பவர் ஆசையை விட்டுட்டு பேட்டரி மோடம் பாருங்க.

பாளை மின்னணு:

செப்புக்கம்பி சொன்னது ரிசீவர் எடுத்த பிறகுள்ள கதை. அதற்கு முந்தின கட்டத்தையும் பார்க்க வேண்டும். ரிசீவர் வைத்த நிலையில் லைனிலிருந்து கரண்ட் எடுக்கக் கூடாது. எடுத்தால் எக்ஸ்சேஞ்ச் அதைக் கசிவு என்றோ, ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்றோ நினைத்துக்கொள்ளும். அப்படியானால் டயல் செய்யச் சொல்லும் கட்டளையை மோடம் எந்தப் பவரில் கேட்கும்? சீரியல் போர்ட்டிலிருந்துதான் திருடியாக வேண்டும். பின் 4 (டிடிஆர்), பின் 7 (ஆர்டிஎஸ்) இரண்டும் பாசிட்டிவ் வோல்டேஜ் தரும். பின் 3 (அனுப்பும் கம்பி) சும்மா இருக்கும்போது நெகட்டிவ்.

மேஜைக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் 12 வோல்ட் சப்ளையில் ஓடுவதால் இதில் தாராளம். நோட்புக்கில் 5 வோல்ட்டைச் சின்னச் சின்ன கெபாசிட்டர் பம்பு வைத்து உயர்த்துகிறார்கள். பளு ஏற்றினால் வோல்டேஜ் இறங்கிவிடும். இந்த வகை மோடம் ஒரு கம்ப்யூட்டரில் ஓடி இன்னொன்றில் ஊமையாக உட்காருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சோதனை எளிது. ஏதாவது டெர்மினல் புரோகிராமை (சீரியல் போர்ட்டோடு பேசும் புரோகிராம்) திறந்து போர்ட்டை உயிர்ப்பியுங்கள். பின் 4க்கும் பின் 5க்கும் (தரை) நடுவில் வோல்டேஜ் பாருங்கள். பிறகு அதே இரண்டு பின்னுக்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து மறுபடி பாருங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே போகாவிட்டால் 5 மில்லி ஆம்பியராவது தருகிறது, தாராளமாக முயலலாம். 3 வோல்ட்டுக்கு விழுந்தால் வேண்டாம். பின் 7ஐயும் அளந்துவிட்டு இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் பம்பு ஒன்றுதான்.

9600 என்று லைன் பவர் மோடத்தை விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். 9600க்கான வி.32 முறையில் இரண்டு பக்கமும் ஒரே அலைவரிசையில் பேசும். தன் குரலின் எதிரொலியைத் தானே கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் சிப்புக்கு 125 மில்லிவாட் எந்த மூலைக்கு? 1200 (வி.22), 2400 (வி.22பிஸ்) இரண்டிலும் கூப்பிடுபவருக்கு 1200 ஹெர்ட்ஸ், எடுப்பவருக்கு 2400 ஹெர்ட்ஸ் என்று தனித்தனி அலைவரிசை. பில்டர் போதும், சிப்பும் சின்னது. 9600 என்று வருகிறவற்றில் பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரிக் கதவு இருக்கும். சில விளம்பரத்தில் 9600 என்பது பேக்ஸ் வேகம் மட்டும்தான், டேட்டா வேகம் 2400. கேட்டுவிடுங்கள்.

விற்பவரிடம் உள்பக்கப் போட்டோ கேளுங்கள். பார்க்க வேண்டியவை: லைன் நுழையும் இடத்தில் நான்கு டயோடு அல்லது ஒரு பிரிட்ஜ் இருக்கிறதா? இல்லாவிட்டால் கம்பி மாறினால் ஓடாது. சில லைனில் எதிர்முனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் போலாரிட்டியைத் திருப்பும், அந்த நொடியில் மோடம் செத்துவிடும். சிப்பின் மேல் 73கே222 என்று இருந்தால் 1200 வரை, 73கே224 என்றால் 2400 வரை. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் உப்பியிருந்தாலோ அடியில் பசை கசிந்திருந்தாலோ அவற்றை மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். இத்தனை வருஷத்தில் முதலில் காய்ந்து போவது அவைதான்.

உங்கள் வேலைக்கு 1200 போதும் என்பது என் கருத்து. ஒரு பக்கக் குறிப்பு, 300 சொல் என்று வைப்போம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். சுமார் 8,000 பைட் வரும். 1200 வேகத்தில் நொடிக்கு 120 எழுத்து, ஆக ஒரு நிமிஷம் சொச்சம். டாஸில் டிஸ்கி எழுத்துருவில் அடிப்பதானால் குறிக்கு ஒரு பைட்தான், அரை நிமிஷம்கூட ஆகாது. 2400 வாங்கினாலும் லைன் மோசமான நாளில் 1200க்கு இறங்கி வரும், அது ஒரு வசதி.

களக்காட்டுப்பத்து:

ரெண்டு பேருக்கும் நன்றி. அளந்தாச்சு.

ரிசீவர் வச்ச நிலையில 49 வோல்ட். எடுத்த நிலையில 7.2 வோல்ட், கரண்ட் 21 மில்லி ஆம்பியர். சீரியல் போர்ட் பின் 4ல சும்மா 8.6 வோல்ட், 1 கிலோ ஓம் வச்சா 5.9.

செப்புக்கம்பி:

சீரியல் போர்ட் பாஸ். லைன்ல ஒரு கோளாறு இருக்கு, பாருங்க.

49ல 7.2 போக 41.8. அதை 21 மில்லி ஆம்பியரால வகுத்தா 1,990 ஓம். எக்ஸ்சேஞ்ச் 400ஐக் கழிச்சா கேபிள் பக்கம் 1,590. நல்ல கேபிளுக்கு 1,120தான் வரணும்னு பாத்தோம். 0.5 கம்பியா இருந்தா இன்னும் குறைவா வரணும். கிட்டத்தட்ட 470 ஓம் எங்கயோ ஒரு ஜாயிண்ட்ல உக்காந்திருக்கு. கேபிள் ரோட்டை விட்டு ரொம்பச் சுத்திப் போகுதுன்னாலும் 470 ஓம்க்கு 1.7 கிலோமீட்டர் கூடுதலா வேணும், அது நடக்கிற காரியம் இல்ல.

வீட்டுக்குள்ளயா வெளியவான்னு முதல்ல பிரிச்சுப் பாத்துக்கிடுங்க. போஸ்ட்ல இருந்து வர்ற டிராப் ஒயர் சுவத்துல நுழையிற முதல் ரோசட்ல உள் ஒயரிங்கை முழுசா கழட்டிட்டு, அங்கேயே ஒரு போனை நேரா மாட்டி கரண்ட் பாருங்க. 26, 27க்கு ஏறுனா கோளாறு வீட்டுக்குள்ள. ஏறலன்னா போஸ்ட்ல இருக்கிற டிபி பாக்ஸ்லயோ (வீடுகளுக்கு லைன் பிரியிற பெட்டி) அதுக்கு அந்தப் பக்கமோ. லைன்மேன்கிட்ட இந்த எண்களைச் சொல்லுங்க. வெறுமனே ‘இரைச்சலா இருக்கு’ன்னு சொல்லுறதைவிட வேலை சீக்கிரம் நடக்கும்.

ரோசட் ஸ்க்ரூ பச்சை பிடிச்சிருந்தா சுரண்டி மட்டும் விடாதீங்க. கம்பி நுனியை 2 செண்டிமீட்டர் வெட்டித் தள்ளிட்டு புதுசா உரிச்சு, புது ரோசட்ல மாட்டுங்க. பச்சை ஏறுன கம்பி இன்சுலேஷனுக்குள்ளயும் கொஞ்ச தூரம் கறுத்திருக்கும். உவரி, கூடங்குளம் பக்கம் கடக்காத்துக்கு இது சீக்கிரமே வரும். மலையடிவாரத்துல சாரல் ஈரம் அதே வேலையைப் பாக்கும். முறுக்கி டேப் சுத்துன ஜாயிண்ட் எங்க கண்டாலும் அதையும் எடுத்துருங்க. பேச்சுக்கு அது போதும். மோடத்துக்கு காத்துல ஒயர் ஆடுறப்பெல்லாம் பவர் ஏறி இறங்கும்.

இன்னொண்ணு, அதே லைன்ல ரெண்டாவதா பேரலல் போன் இருக்கா? மோடம் ஓடுதப்ப யாராவது அதை எடுத்தா கரண்ட் ரெண்டாப் பங்கு போயிரும். பேட்டரி மோடத்துல அப்படி ஆனா நாலு எழுத்து கெடும், திரும்ப அனுப்பிக்கிடலாம். லைன் பவர் மோடம்னா அந்த இடத்துலயே அணைஞ்சு லைனே அறுந்துரும். முதல் ரோசட் பக்கத்துல ரெண்டு பக்கம் தள்ளுற ஒரு டிபிடிடி சுவிட்ச் போட்டு, ஒரு பக்கம் மோடம், மறுபக்கம் வீட்டுப் போன் எல்லாம்னு பிரிச்சிருங்க. மணியடிக்காத நேரமாத் தள்ளுங்க.

தென்காசிச் சாரல்:

வாங்கின பிறகு எல்லாரும் மாட்டிக்கிடுற சில இடங்கள் உண்டு. வாங்கும்போதே யோசிக்க வேண்டியவையும் இதில் இருக்கு.

பழைய சரக்கு பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்குச் செஞ்சது. நம்ம டயல் டோன் 400 ஹெர்ட்ஸ், அவங்களது 350, 440 சேந்தது. அதனால சில மோடம் நம்ம டோனைக் கேட்டும் ‘டயல் டோன் இல்லை’ன்னு சொல்லிக் கைவிட்டுரும். டெர்மினல் புரோகிராம்ல இருந்து மோடத்துக்கு ஏடிஎக்ஸ்3ன்னு கட்டளை குடுத்தா டோனுக்குக் காத்திருக்காது. எங்கேஜ் (பிஸி) டோனையும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா ஏடிஎக்ஸ்1.

ஏடிடிடி மட்டும், அதாவது டோன் டயலிங் மட்டும். ஏடிடிபி வேண்டவே வேண்டாம். பல்ஸ் டயலிங்னா ஒவ்வொரு துடிப்புக்கும் லைனை 67 மில்லி நொடி வெட்டி எடுக்கணும். அந்த நேரம் மோடம் தன் கெபாசிட்டர்ல ஓடணும். 15 மில்லி ஆம்பியர் இழுக்கிற சர்க்யூட் 67 மில்லி நொடியில 1 வோல்ட்டுக்கு மேல இறங்காம இருக்க 1,000 மைக்ரோ பாரட் வேணும். தீப்பெட்டி சைஸ் பெட்டிக்குள்ள அவ்வளவு பெரிய கெபாசிட்டரை யாரும் வைக்க மாட்டாங்க. 0 டயல் பண்ணினா பத்துத் துடிப்பு, அதுக்குள்ள ரீசெட் ஆயிரும். பாளைக்கு 0462ன்னு ஆரம்பிக்கிற உங்களுக்கு முதல் எண்ணிலேயே நின்னுரும்.

டெர்மினல் புரோகிராம்ல ஹார்டுவேர் ப்ளோ கண்ட்ரோலை (டேட்டாவை நிறுத்தி நிறுத்தி விடுற ஏற்பாடு) அணைச்சிருங்க. அது ஆர்டிஎஸ் கம்பியைத் தூக்கி இறக்கிக்கிட்டே இருக்கும். உங்க மோடம் பவர் எடுக்கிறது அதே கம்பியிலதான். லைன் வேகமும் போர்ட் வேகமும் ஒண்ணா இருக்கிறதால ப்ளோ கண்ட்ரோல் தேவையும் இல்ல. போர்ட்டை மூடினா டிடிஆர் விழும், மோடம் எல்லாத்தையும் மறக்கும். அதனால செட்டிங்கை மோடத்துல சேமிச்சதா நம்பாம, ஒவ்வொரு தடவையும் டயலுக்கு முன்னால முழு வரியும் போகட்டும்: ஏடி பி0 எக்ஸ்3 எஸ்7=60 எஸ்10=30. பி0 சர்வதேச முறை; எஸ்7 எதிர்முனை மோடத்தோட சத்தத்துக்கு (கேரியர்) 60 நொடி காத்திருக்கச் சொல்லுது; எஸ்10=30ன்னா கேரியர் 3 நொடி விட்டுப்போனாலும் லைனை வெட்டாது.

இந்தச் சின்ன மோடத்துல பிழை திருத்தம் பெரும்பாலும் இருக்காது. அந்த வேலையை பைல் அனுப்புற முறைகிட்ட குடுங்க. இசட்மோடம் நல்லது, பாதியில அறுந்தா விட்ட இடத்துல இருந்து தொடரும். இரைச்சல் அதிகமான நாள்ல 128 பைட் கட்டா அனுப்புற எக்ஸ்மோடம் மெதுவா போனாலும் போய்ச் சேரும். 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப்ன்னு ரெண்டு பக்கமும் வையுங்க. பழைய புரோகிராம் சிலது 7 பிட்ல திறக்கும். ஆங்கிலம் சரியா வரும், தமிழ் முழுக்கக் குப்பையா வரும். அதைப் பாத்துட்டு மோடம் கெட்டதுன்னு நினைச்சிராதீங்க.

பாளை முனையில லைன் பவர் மோடம் வேண்டாம். சாதாரண அடாப்டர் மோடம் போடுங்க, எஸ்0=1 வச்சா ஒரு மணியில தானா எடுக்கும். அது 56கே மோடமா இருந்தா ஏடி+எம்எஸ்=வி22பி குடுத்து வேகத்தைக் கட்டிப்போடுங்க; இல்லன்னா பெரிய வேகத்துக்கெல்லாம் ஒவ்வொண்ணாக் கூவிப் பாத்துட்டுக் கடைசியிலதான் கீழ இறங்கும், அதுக்குள்ள உங்க பக்கம் நேரம் முடிஞ்சிரும். ஏடி\என்0 குடுத்து அதோட பிழை திருத்தத்தையும் அணைச்சிருங்க. இல்லாட்டி தொடக்கத்துல சம்பந்தமில்லாத எழுத்து வரும். கால் வெயிட்டிங் இருந்தா ரெண்டு லைன்லயும் நிறுத்தச் சொல்லுங்க.

இடி விஷயம் தனியா. சித்திரை, வைகாசி சாயங்காலமும் ஐப்பசி, கார்த்திகையும் மலையடிவாரத்துல இடி இறங்காத வாரம் கம்மி. இடி கேட்டதும் பிளக்கை உருவுறதுதான் முதல் காவல். அதுக்கு மேல, லைன் நுழையிற இடத்துல இடி வோல்டேஜை எர்த்துக்குத் தள்ளுற மூணு கால் கேஸ் டியூப் ஒண்ணு, நடுக்கால் எர்த்துக்கு. 230 வோல்ட் டியூபா வாங்குங்க. 90 வோல்ட் டியூப் விலை ஒண்ணுதான்னு வாங்கிராதீங்க: மணியடிக்கிற 75 வோல்ட் ஏசியோட உச்சம் 106, அதோட 48 சேந்தா 154. ஒவ்வொரு மணிக்கும் டியூப் பத்திக்கிட்டு அழைப்பே வராது. எர்த் கம்பி குட்டையா, நேரா இறங்கணும். திசையன்விளைத் தேரி மணல் மாதிரி வறண்ட மண்ணுன்னா வெறும் ராடு பத்தாது, கரியும் உப்பும் போட்டு நனைச்சு வைக்கணும். உங்க களக்காட்டு மண்ணுக்கு அந்தக் கஷ்டம் இல்ல.

களக்காட்டுப்பத்து:

முதல் ரோசட்லேயே கம்பி நுனி கறுத்துப் போயிருந்தது. வெட்டிட்டு புது ரோசட் மாட்டியாச்சு. இப்ப 26 மில்லி ஆம்பியர். வெளிக்கோளாறு இல்லன்னு தெரியுது. 2400 மாடல், 73கே224 சிப், பிரிட்ஜ் இருக்கு; போட்டோவும் வந்திருக்கு, கெபாசிட்டர் உப்பல.

இன்னும் ரெண்டு சந்தேகம். நாளைக்கு இந்த லைனை எடுத்துட்டு பைபர் குடுத்தா இந்த மோடம் பயன்படுமா? புது லேப்டாப்ல யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் போட்டு இதையே ஓட்டலாமா?

பாளை மின்னணு:

26 மில்லி ஆம்பியருக்கு அந்த மாடலை வாங்கலாம். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது: மோடம் லைனைப் பிடித்திருக்கும்போது ரோசட்டில் வோல்டேஜ். 6க்கும் 9க்கும் நடுவில் நிலையாக நின்றால் நல்லது. 12, 13 என்று ஏறினால் அது தனக்கு அதிகம் பிடித்துக்கொள்கிறது, லைன் கரண்ட் குறையும். ரொம்பக் குறைந்தால் ரிசீவரை வைத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொண்டு லைனை விட்டுவிடும்.

பைபர் வந்தால் போன் மாட்டுவது வீட்டில் பைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில். அங்கே கம்பி நீளம் சில மீட்டர்தான், கரண்ட்டைப் பெட்டி பெரும்பாலும் 20–25 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தியே தரும். அளந்து பாருங்கள், மோடம் எழுந்துகொள்ளும். சிக்கல் இரண்டு. குரலை ஜி.711 முறையில் அனுப்பினால் 1200 ஓடும், 2400ம் பெரும்பாலும் ஓடும், ஜி.729 மாதிரிச் சுருக்கும் முறை என்றால் மோடம் சத்தம் உருக்குலைந்து இரண்டு மோடமும் இணையும் கைகுலுக்கலே நடக்காது. இந்த செட்டிங் பெரும்பாலும் நம் கையில் இருக்காது, இணைப்புத் தருபவரிடம் கேட்க வேண்டும். இரண்டாவது, கரண்ட் போனால் ஓஎன்டியும் அணையும், லைன் பவரும் அதோடு போகும். ஓஎன்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்தால்தான் இப்போது இருக்கும் வசதி மிஞ்சும். ஆனால் பைபர் வந்துவிட்ட வீட்டில் கரண்ட் இருக்கும் நேரம் பைலை இணையத்திலேயே அனுப்பிவிடலாம், மோடத்தை மாற்றுவழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பி கன்வர்ட்டரில் அதே 1 கிலோ ஓம் சோதனையைச் செய்யுங்கள். மலிவான சிலவற்றில் வெறும் 0–5 வோல்ட்தான் வரும், நெகட்டிவ் பக்கமே இருக்காது. அதில் டேட்டா போவதுபோலத் தெரியும், மோடத்துக்குப் பவர் கிடைக்காது. சோதனையில் தோற்றால் கன்வர்ட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம், யூஎஸ்பி மோடம் வாங்கிவிடுங்கள். யூஎஸ்பி 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தரும் என்பதால் லைனிலிருந்து பவர் எடுக்கும் அவசியமே இல்லை. அதிலும் கண்ட்ரோலர் (மோடம் கட்டளைகளைக் கவனிக்கும் சிப்) உள்ளேயே இருக்கும் வகையாகப் பாருங்கள். யூஎஸ் ரோபோட்டிக்ஸ் 5637 அப்படிப்பட்டது, லினக்ஸில் தனி டிரைவர் இல்லாமல் ஓடும். கண்ட்ரோலர் இல்லாத சாப்ட் மோடம் என்றால் பழைய விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் இருக்கும், புது லேப்டாப்பில் படுத்துவிடும்.

செப்புக்கம்பி:

ஒண்ணு விட்டுப்போச்சு. மோடத்தோட வர்ற ஒயர்ல ஆர்ஜே11 பிளக்கோட நடு ரெண்டு கம்பிதான் லைன். சில பழைய மோடத்தோட நாலு கம்பி ஒயர் வரும், வெளி ரெண்டையும் ரோசட்ல எதுலயும் மாட்டாதீங்க. ஒயர் நீளம் 2 மீட்டருக்குள்ள வச்சிக்கிடுங்க, அதுவும் டியூப்லைட் சோக்கு பக்கத்துல போகாம.